கணக்கும் தாய்மொழியும்: போலந்து காட்டும் நெறி

(மன்றத்துத் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

 

தமிழாசிரியன் ஒருவன் கணக்கியலைப் பற்றிப் பேச எழுந்துள்ளானே என்று உங்களுள் சிலர் முறுவலிப்பது எனக்குத் தெரிகின்றது. யாப்பும் அணியும் கற்பிப்பவனுக்குப் பல்கலைக்கழகக் கணக்கியல் துறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவ்வினாவிற்கு விடையாக முதற்கண் என் தவறு ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் பள்ளியிறுதித் தேர்வில் கணக்கில் முதல்வனாகத் தேறினான். தமிழ்வழியிற் படித்தவன்; உழவர் குடியிற் பிறந்தவன். கல்லூரியிலும் கணக்கியலையே விரும்பி எடுத்தான். மூன்றாம் திங்களில் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். முகம் வாடியிருந்தது. "ஐயா, வகுப்பில் எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறது. கணக்கு எனக்கு விளங்குகிறது. அவர்கள் சொல்லும் சொல்தான் விளங்கவில்லை. 'இன்டிகிரல்' என்றால் என்ன ஐயா?" என்று கேட்டான். யான் சிறிதும் காத்திராமல், "தொகையீடு என்று சொல், தம்பி! நம் மொழியில் இல்லாத சொல்லா?" என்று பெருமிதத்தோடு கூறினேன். அவன் என்னை நிமிர்ந்து நோக்கி, "அது பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்த சொல்தான் ஐயா. அது எதைத் தொகுக்கிறது, ஏன் தொகுக்கிறது என்றுதான் கேட்கிறேன்" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. சொல் என் வாயில் இருந்தது. பொருள் என் உள்ளத்தில் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் எம் பள்ளிக் கணக்காசிரியரை அணுகி ஒரு மாணவனைப் போலக் கேட்டேன். அவர் கரும்பலகையில் ஓர் ஏரியை வரைந்தார். "இதன் கரை வளைந்து வளைந்து செல்கிறது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி இதன் பரப்பைக் காண முடியாது. ஆகவே ஏரியை மெல்லிய கீற்றுகளாக வகுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கீற்றும் ஏறத்தாழ நீள்சதுரம். அவற்றின் பரப்புகளையெல்லாம் தொகுக்கிறோம். கீற்று மெலிய மெலியப் பிழை குறைகிறது. கீற்றின் அகலம் ஒன்றுமில்லாமையை நெருங்கும்போது அத்தொகை எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் தொகையீடு" என்றார். ஆகா! தொகையீடு என்னும் சொல்லின் அழகு அன்றுதான் எனக்குப் புலனாயிற்று. அது வெறும் மொழிபெயர்ப்பன்று, செயலின் பெயர். அதனை மாணவனிடம் சொல்ல ஓடினேன். அதற்குள் அவன் கணக்கியலை விட்டு வணிகவியலுக்கு மாறிவிட்டிருந்தான்.

அவனைக் கணக்கியல் இழந்ததற்கு ஆங்கிலம் ஒரு கரணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், என் அறியாமையும் அதற்கொரு கரணியமன்றோ? அன்று தொடங்கி ஒரு வினா என்னை விடாது பற்றிக்கொண்டது. அடிமைப்பட்டுக் கிடந்த மொழியொன்று பல்கலைக்கழகக் கணக்கியல் துறையில் கோலோச்சிய வரலாறு உலகில் உண்டா? உண்டென்றால், அது எவ்வாறு இயன்றது? தேடிப் படித்ததில் போலந்து நாட்டு வரலாறு என் கண்முன் வந்து நின்றது. அதனைத்தான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

போலந்து என்னும் நாடு 1795 முதல் 1918 வரை நூற்றிருபத்துமூன்று ஆண்டுகள் உலகப் படத்திலேயே இல்லை. உருசியரும் செருமானியரும் ஆத்திரியரும் அதனை மூன்று கூறாக்கி விழுங்கிவிட்டனர். உருசியர் பிடியில் இருந்த வார்சா நகரில் 1869 முதல் பல்கலைக்கழகம் உருசிய மொழியிலேயே இயங்கிற்று. தன் சொந்த ஊரில், தன் சொந்த மண்ணில், போலந்து இளைஞன் அயல்மொழியில்தான் கணக்கியல் கேட்க வேண்டியிருந்தது. ஆத்திரியர் ஆட்சிக்குட்பட்ட கிராக்கோவ், இலுவூவ் என்னும் இரு நகர்களின் பல்கலைக்கழகங்களில் மட்டும் போலந்து மொழிக்குப் பின்னாளில் இடம் கிடைத்தது.

அவ்வார்சாப் பல்கலைக்கழகத்தில் 1899-இல் வாக்குலாவு சியர்ப்பின்சுக்கி என்னும் பதினேழு அகவை இளைஞன் சேர்ந்தான். எண்ணியலில் பேரார்வலன். அத்துறையினர் நடத்திய கட்டுரைப் போட்டியில் பொற்பதக்கம் பெற்றான். பரிசு பெற்ற கட்டுரையைப் பல்கலைக்கழக ஏட்டில் உருசிய மொழியில் அச்சிட முன்வந்தனர். மாணவன் ஒருவனுக்கு இதனினும் பெருமை வேறு என்ன வேண்டும்? ஆனால், சியர்ப்பின்சுக்கி அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். தன் முதற்படைப்பு அடிமைப்படுத்தியோர் மொழியில் வெளிவருதல் ஆகாது என்பது அவன் கரணியம். பொறுத்திருந்தான். 1907-இல் போலந்தியர் நடத்திய ஓர் ஏட்டில் அக்கட்டுரை வெளிவந்தது. 1905-இல் பள்ளிகளில் தாய்மொழி வேண்டி வேலைநிறுத்தம் எழுந்தபோது, தான் பார்த்துவந்த ஆசிரியப் பணியையும் துறந்து கிராக்கோவுக்குப் பெயர்ந்தான்.

இங்கு நாம் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அவன் பொறுத்திருந்தபோது, அவன் கட்டுரையை ஏற்க ஓர் ஏடு இருந்தது. அது தானாக முளைத்ததன்று. சாமுவேல் திக்சுட்டைன் என்னும் பெருமகனார் 1888-இல் தொடங்கி நடத்திய கணக்கியல், இயற்பியல் ஏடு அது. நாடில்லை, அரசில்லை, தம் மொழியில் பல்கலைக்கழகமுமில்லை. அந்நிலையில் ஒரு பள்ளியாசிரியர் பல்லாண்டுகள் உழைத்து ஏடு நடத்தினார். 1897-இல் மற்றோர் ஏட்டையும் தொடங்கினார். வினா எழுப்பும் இளைஞன் ஒருநாள் வருவான், அவனுக்கு எழுத இடம் வேண்டும் என்று அவர் முன்னமே பாத்தி கட்டி வைத்தார். 1939-இல் செருமானியர் வார்சாவை முற்றுகையிட்ட நாள்களில் அம்முதியவர் மறைந்தார்.

அவர்க்கும் முன்னோர் ஒருவர் உண்டு. அவர் யான் சினியாதெத்சுக்கி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கல்வியுலகில் இலத்தீனமே ஆட்சி செலுத்திய காலத்தில், கிராக்கோவ்ப் பல்கலைக்கழகத்தில் போலந்து மொழியில் கணக்கியல் கற்பித்தவர் அவர். 1783-இல் குறிக்கணக்கைப் பற்றித் தம் தாய்மொழியில் நூல் எழுதியவர். போலந்து மொழியின் கணக்கியற் சொற்களுக்கு அடித்தளமிட்டோருள் முதல்வர். நாம் தொகையீடு என்பதைப் போலந்தியர் 'முழு' எனப் பொருள்படும் தம் சொல்லின் அடியாகப் பிறந்த பெயராலேயே இன்றும் வழங்குகின்றனர். அவர் சொல்லாய்வுக் குழுவில் அமர்ந்து சொற்பட்டி தொகுத்தவர் அல்லர்; வகுப்பில் நின்று கணக்குக் கற்பித்தவர். மாணவன் முகத்தைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தவர். அதனாற்றான் அச்சொற்கள் இருநூறு ஆண்டுகளாக உயிரோடு உலவுகின்றன.

நம் முன்னோர் சொற்களும் அவ்வாறு பிறந்தவையே. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவை நிலம் அளந்தவன் வாயிலும் நெல் அளந்தவன் கையிலும் பழகிய சொற்கள். கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அவற்றைத் தொகுத்தன. பயன்பாடு முன்னே சென்றது. நூல் பின்னே வந்தது. இம்முறையை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

இனி, போலந்து வரலாற்றின் நடுநாயகமான பகுதிக்கு வருகின்றேன். முதல் உலகப்போரில் உருசியர் பின்வாங்க, 1915-ஆம் ஆண்டு நவம்பரில் வார்சாவில் போலந்து மொழிப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. சிகுமுந்து யானிசெவ்சுக்கி, சுட்டெபான் மசுர்க்கியேவிச்சு என்னும் இளையோர் இருவர் அங்குக் கணக்கியல் கற்பிக்கத் தொடங்கினர். போர் முடியுமுன்பே, இடவியல் என்னும் அன்றைய புத்தம்புதுத் துறையில் ஆய்வரங்கம் நடத்தினர். பேராசிரியர் சொற்பொழிவாற்ற மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்பன்று அது. விடை காணாத வினாக்களை நடுவில் வைத்து ஆசானும் மாணாக்கனும் ஒருங்கே மோதும் களம்.

யானிசெவ்சுக்கி 1918-இல் தம் நாட்டுக் கணக்கியலின் தேவைகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை ஒரு நாட்டின் கல்வி வரலாற்றையே மாற்றிற்று. அவர் கருத்தின் சாறு இது: நாம் சிலர், நம் பொருளும் சிறிது. சிதறி நின்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையில் உழைத்தால் எவர் கண்ணுக்கும் தெரியமாட்டோம். ஆகவே நம் ஆய்வாளருள் பலர் ஒரே துறையை எடுத்துக்கொண்டு ஒருவர்க்கொருவர் துணைநின்று உழைக்க வேண்டும். அத்துறைக்கென்றே ஓர் ஏடு நம் நாட்டிலிருந்து வெளிவர வேண்டும். அது உலகறிந்த மொழிகளில் அமைய வேண்டும்.

தோழர்களே! கடைசிக் கருத்தைக் கேட்டு உங்கள் புருவம் உயர்வதைக் காண்கின்றேன். யானும் முதலில் திகைத்தவன்தான். தாய்மொழிக்காகப் பொற்பதக்கக் கட்டுரையையே திரும்பப் பெற்ற சியர்ப்பின்சுக்கி, 1920-இல் வெளிவந்த அந்த ஏட்டின் ஆசிரியர்களுள் ஒருவர். 'பண்டமெண்டா மாத்தமாட்டிக்கே' என்பது அதன் பெயர். அதாவது கணக்கியல் அடிப்படைகள். பெயர் இலத்தீனம், கட்டுரைகள் பெரும்பாலும் பிரெஞ்சு முதலிய மொழிகளில். முதல் மடலில் எழுதியோர் அனைவரும் போலந்தியர்! இது முரண்பாடா? பிறர் நெருக்கி அடிபணிய வைக்கும் மொழி வேறு. நாமாக விரும்பி உலகோடு உரையாட எடுத்துக்கொள்ளும் மொழி வேறு என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். வகுப்பும் ஆய்வரங்கும் மாணவர் நூலும் தாய்மொழியில். முடிந்த முடிபை உலகுக்கு அறிவிக்கும் தாள் மட்டும் உலகு படிக்கும் மொழியில். சமைப்பது தம் அடுப்பில். விருந்தினர்க்கு இலை போடுவது அவர் அமரும் இடத்தில்.

சியர்ப்பின்சுக்கி உருசிய மொழித் திணிப்பை வெறுத்தாரேயன்றி, உருசிய அறிஞரை வெறுத்தாரல்லர். முதற்போரின்போது அவர் உருசியாவில் சிறைப்பட நேர்ந்தது. அப்பொழுது மாசுக்கோக் கணக்கறிஞர்கள் அவரை மீட்டுத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டனர். லூசின் என்னும் உருசிய அறிஞரோடு இணைந்து அவர் அங்கேயே ஆய்வும் செய்தார். மொழிப்பற்றுக்கும் இனப்பகைக்கும் இடையே உள்ள கோட்டை அவர் அறிந்திருந்தார்.

யானிசெவ்சுக்கியின் முடிவோ நெஞ்சை உருக்குவது. உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சலுக்கு இரையாகி 1920 சனவரியில் தம் முப்பத்தோராம் அகவையில் மறைந்தார். தாம் கனவு கண்ட ஏட்டின் முதல் மடலை அவர் கண்ணாற் காணவில்லை. தமக்கு வந்த குடும்பச் சொத்தைக் கல்விக்கும் அறப்பணிக்கும் ஈந்தவர். இறந்தபின் தம் உடலையும் மருத்துவ ஆய்வுக்கென எழுதிவைத்தவர். ஒரு துறை இத்தகையோரின் ஈகத்தின்மேற்றான் எழுகின்றது.

இனி இலுவூவ் நகருக்குச் செல்வோம். இன்று அது உக்கிரைன் நாட்டில் உள்ளது. 1916-இல் கிராக்கோவ் நகர்ப் பூங்கா ஒன்றில் மாலை உலாச் சென்ற கணக்கறிஞர் சுட்டைன்ஃகவுசு, விசிப்பலகையில் அமர்ந்திருந்த இளைஞர் இருவர் பேச்சில் 'இலெபேக்கு அளவை' என்னும் சொற்கள் காதில் விழ, வியந்து நின்றார். அந்நாளில் அதனை அறிந்த கணக்கறிஞரே சிலர். இவர்களோ பூங்காவில் அமர்ந்து அதனைத் தம் மொழியில் அளவளாவுகின்றனர்! அவ்விருவருள் ஒருவர்தாம் சுட்டெபான் பானாக். சுட்டைன்ஃகவுசு தம்மை நெடுநாள் வாட்டிய சிக்கல் ஒன்றைச் சொல்ல, சில நாள்களிலேயே பானாக் விடையோடு வந்தார். பானாக்கிடம் கணக்கியற் பட்டம் ஏதும் இல்லை. ஆயினும் இலுவூவ்ப் பல்கலைக்கழகம் 1920-இல் அவர்க்கு முனைவர் பட்டம் அளித்தது. அவ்வாய்வேடே பின்னர்ச் 'சார்புப் பகுப்பாய்வு' எனும் பெருந்துறைக்குக் கால்கோள் ஆயிற்று. உலகக் கணக்கியலில் 'பானாக் வெளி' என்று இன்றும் வழங்குவது அவர் பெயராலேயே.

பட்டமில்லா மேதை என்றதும் நம் ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன் உங்கள் நினைவுக்கு வருவார். சென்னைப் பல்கலைக்கழகமும் 1913-இல் அவர்க்குத் திங்கள்தோறும் 75 உருபா உதவித்தொகை வழங்கி ஆய்வாளராக ஏற்றுக்கொண்டது. அது போற்றத்தக்க செயலே. ஆனால், இராமானுசனுக்குத் தம் மண்ணில் ஈடாக உரையாட ஒரு கூட்டம் இல்லை. கடல் கடந்து கேம்பிரிட்சுக்குச் செல்ல நேர்ந்தது. பானாக்குக்கோ பூங்காவிலேயே ஒரு கூட்டம் வாய்த்தது. மேதை எந்நாட்டிலும் பிறப்பான். கூட்டத்தை நாம்தான் ஆக்கவேண்டும்.

இலுவூவ்க் கணக்கறிஞர்களின் ஆய்வரங்கம் பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. அருகிலிருந்த 'காட்டுலாந்துக் குளம்பியகம்' என்னும் கடையில் மணிக்கணக்காக அமர்ந்து வாதிட்டனர். மேசையின் பளிங்குப் பரப்பிலேயே கரிக்கோலால் கணக்கிட்டனர். இரவில் கடைப்பணியாளர் மேசையைத் துடைக்க, அன்றைய ஆய்வும் உடன் அழிந்துபோகும்! இதனைக் கண்டு வருந்திய பானாக்கின் துணைவியார் தடித்த குறிப்பேடொன்றை வாங்கித் தந்தார். 1935 முதல் அதில் வினாக்களை எழுதலாயினர். அக்குறிப்பேடு கடையிலேயே இருக்கும். கேட்டவுடன் பணியாளர் எடுத்துவந்து தருவார். விடை காண்போர்க்குப் பரிசும் அதிலேயே குறிக்கப்படும். சிலவற்றுக்கு ஒரு குளம்பி. சிலவற்றுக்கு ஒரு விருந்து.

1936-இல் மசூர் என்பார் ஒரு வினாவை எழுதி, பரிசாக உயிருள்ள பெருவாத்து ஒன்றைக் குறித்தார். போர் வந்தது, நாடு சிதைந்தது, எழுதியோர் பலர் மாண்டனர். வினா மட்டும் சாகவில்லை. 1972-இல் சுவீடன் நாட்டு இளைஞர் பேர் என்புளோ அதற்கு விடை கண்டார். மசூர் தம் சொல்லைக் காத்தார். வார்சாவில் விழாவெடுத்து, கூடையில் வைத்த உயிர்வாத்தை அவ்விளைஞர் கையில் கொடுத்தார். முப்பத்தாறு ஆண்டுகட்குப் பின் தீர்ந்த கடன் அது!

அக்குறிப்பேட்டில் 1941 வரை நூற்றுத் தொண்ணூற்றுமூன்று வினாக்கள் சேர்ந்தன. பெரும்பாலானவை போலந்து மொழியில் எழுதப்பட்டவை. அக்கூட்டத்தில் ஒருவராக இருந்து அமெரிக்கா சென்ற உலாம் என்பார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1957-இல் அறிஞர்களிடையே பரப்பினார். ஐயன்மீர், இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடையொன்றின் மேசையில், ஒரு சிறு நாட்டின் மொழியில் எழுந்த வினாக்களை உலகம் தேடிவந்து மொழிபெயர்த்துக்கொண்டது. விடையை எவனும் எம்மொழியிலும் எழுதலாம். வினா மட்டும் உள்ளம் தடையின்றி ஓடும் மொழியில்தான் பிறக்கும். நம் மாணவன் கல்லூரியில் விடைகளை ஆங்கிலத்தில் உருப்போடுகின்றான். வினா எழுப்ப அவனிடம் மொழியில்லை. வினாவில்லாத இடத்தில் ஆராய்ச்சி எங்ஙனம் முளைக்கும்?

பானாக் தம் பெருநூலை 1931-இல் முதலில் போலந்து மொழியில் வெளியிட்டார். அதன் பிரெஞ்சு வடிவம் 1932-இல் வந்தது. முதலில் தம் மாணவர்க்கு, பின்னர் உலகுக்கு. ஆசிரியனாகிய என் கண்ணில் நீர் வரச்செய்த செய்தி வேறொன்று. பானாக்கும், சியர்ப்பின்சுக்கியும், சுட்டோசெக்கு என்னும் பேராசிரியரும் கூடிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடநூல்கள் எழுதினர். உலகின் தலைசிறந்த கணக்கறிஞர் இருவர், சிறுவர்க்குக் கூட்டலும் வகுத்தலும் கற்பிக்கும் நூலைத் தம் கையாலேயே எழுதியுள்ளனர்! பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கும் இடையே அங்குச் சுவர் இல்லை. ஆய்வரங்கில் பிறந்த சொல் பள்ளிப் பலகைக்கு வந்தது. பள்ளியில் பழகிய சொல்லோடு மாணவன் ஆய்வரங்கில் நுழைந்தான். என் மாணவன் இடறி விழுந்த பள்ளம் இதுவே. பள்ளியில் அவன் கற்ற 'வகைக்கெழு'வும் 'தொகையீடு'ம் கல்லூரி வாயிலோடு நின்றுவிட்டன.

கணக்கியல் நாட்டைக் காக்குமா என்று கேட்போர்க்கும் போலந்து விடை தருகின்றது. பொசுனான் பல்கலைக்கழகக் கணக்கியல் மாணவர் சிலர்க்கு 1929-இல் மறைகுறியியல் கற்பிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவராகிய மரியான் இரெயெவ்சுக்கி, செருமானியப் படையின் 'எனிக்மா' என்னும் மறைமொழிப் பொறியின் உள்ளமைப்பை 1932 திசம்பரில் கணக்கியல் வழியாகவே கண்டறிந்தார். 1939 சூலையில், போர் வெடிப்பதற்குச் சில கிழமைகட்கு முன், போலந்தியர் தம் கண்டுபிடிப்பை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சியர்க்கும் வழங்கினர். இங்கிலாந்து பின்னர் அடைந்த வெற்றிக்கு அது வித்தாயிற்று. வெறுஞ் சிந்தனை விளையாட்டு என்று பலர் எள்ளும் குலக்கோட்பாடு என்னும் கணக்கியற் பிரிவே அதற்குக் கருவி.

பின்னர் வந்தது இருள். 1941 சூலையில் இலுவூவ் நகரைக் கைப்பற்றிய நாட்சியர் பேராசிரியர்களைக் குடும்பத்தோடு பிடித்துச் சுட்டுக் கொன்றனர். பாடநூல் எழுதிய சுட்டோசெக்கு அவர்களுள் ஒருவர்; பானாக்குக்கு முதலில் துணையாசிரியப் பணி தந்த உலோம்னிட்சுக்கி மற்றொருவர். சாக்சு 1942-இலும் சௌதர் 1943-இலும் கொல்லப்பட்டனர். பானாக், கொடுங்காய்ச்சல் தடுப்பு மருந்து ஆக்கும் நிலையமொன்றில், பேன்களுக்குத் தம் குருதியை உணவாகக் கொடுத்து உயிர்பிழைத்தார். போர் முடிந்த 1945-இலேயே நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். வார்சாவில் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. சியர்ப்பின்சுக்கி அலுவலக எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே மறைவில் மாணவர்க்குக் கணக்குக் கற்பித்தார். கண்டுபிடிக்கப்பட்டால் சாவு. கணக்கைக் கற்பிப்பதே சாவுக்குரிய குற்றமாயிருந்த நாளிலும் அவர்கள் கற்பித்தனர். நமக்கு என்ன தடை, சொல்லுங்கள்?

இவ்வளவும் சொன்ன யான், அவர்களின் குறையையும் சொல்லாது விடின் உண்மைக்கு மாறாவேன். தம் மொழிக்காக ஒரு நூற்றாண்டு துன்புற்ற போலந்தியர், விடுதலை பெற்றபின் இலுவூவ்ப் பல்கலைக்கழகத்தில் உக்கிரைனிய மொழிக்கு இருந்த இடத்தைப் பறித்தனர். உக்கிரைனிய இளைஞர் 1921 முதல் 1925 வரை அதே நகரில் மறைவாகத் தமக்கொரு பல்கலைக்கழகம் நடத்த வேண்டியதாயிற்று. 1930-களின் பிற்பகுதியில் யூத மாணவரைத் தனி விசிப்பலகையில் ஒதுக்கி அமர்த்தும் கொடுமையும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்தது. அக்கணக்கியலை வளர்த்த சுட்டைன்ஃகவுசும் சௌதரும் யூதக்குடிப் பிறந்தோர் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கின்றது. தன்மொழிக்கு உரிமை கேட்கும் வாய் பிறமொழிக்கு உரிமை மறுக்குமாயின், அது மொழிப்பற்றன்று, அதிகாரப்பற்று. தனித்தமிழ் பேசும் நாம் இதனை நம் நெஞ்சில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இனி நமக்கு வருவோம். நம் இயக்கத்தார் சொல்லாக்கத்தில் அரும்பணி ஆற்றியுள்ளனர். அதனை யான் குறைத்துப் பேசேன். ஆயினும், பட்டியலில் உறங்கும் சொல் பிணத்துக்குப் பூட்டிய அணிகலன். கணக்கறியாத் தமிழ்ப்புலவன் தனியே அமர்ந்து ஆக்கும் சொல்லும், தமிழறியாக் கணக்காசிரியன் அப்படியே விட்டுவிடும் சொல்லும் மாணவனுக்குப் பயன்படா. இருவரும் ஒரே கரும்பலகையின்முன் நிற்க வேண்டும். ஏரியைக் கீற்றாக வகுத்துக் காட்டியவர் கணக்காசிரியர். தொகையீடு என்னும் சொல்லின் வேரைக் காட்டக் கூடியவன் யான். நாங்கள் இருவரும் அம்மாணவன் வருமுன் ஒருநாளேனும் சேர்ந்து அமர்ந்திருந்தால், அவன் திண்ணையிலிருந்து வெறுங்கையோடு எழுந்து போயிருக்க மாட்டான்.

ஆகவே இன்று ஒரு சிறு முயற்சியை உங்கள்முன் வைக்கின்றேன். எம் பள்ளிக் கணக்காசிரியரும் யானும் ஞாயிறுதோறும் மாலையில் கல்லூரிக் கணக்கியல் மாணவர்க்கென எம் பள்ளியருகே வகுப்பொன்று தொடங்கியுள்ளோம். கல்லூரியில் ஆங்கிலத்திற் கேட்டதை அங்குத் தமிழில் வினவலாம், தமிழில் வாதிடலாம். ஆங்கிலச் சொல்லையும் நாங்கள் மறைப்பதில்லை. தேர்வுக்கும் உலகுக்கும் அது வேண்டும். ஆனால் எண்ணுவது தமிழில். மேசைமேல் ஒரு தடித்த குறிப்பேடும் வைத்துள்ளோம். விடை தெரியாத வினாக்களை அதில் எழுதச் சொல்கின்றோம். இதுவரை பதினொரு வினாக்களே உள்ளன. அவற்றுள் எட்டு எளியவை; கணக்காசிரியர் அன்றன்றே விடை கூறிவிட்டார். இரண்டுக்கு நூல்களைத் தேடி விடை கண்டார். எஞ்சிய ஒன்றுக்கு அவரும் இன்னும் விடை காணவில்லை. அவ்வொரு வினாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை!

உங்கள் ஊரிலும் ஒரு கணக்காசிரியர் இருப்பார். தமிழறிந்தார் ஒருவரும் இருப்பார். இருவரையும் ஒரு மேசையில் அமர்த்துங்கள். மூன்றாவதாக ஒரு மாணவனை அழைத்து வாருங்கள். பேராசிரியப் பெருமக்களையும் அன்போடு வேண்டுகின்றேன். ஆய்வுத்தாளை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அத்தாளில் நீங்கள் கண்டதைத் தமிழ் மாணவனுக்குத் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நூலேனும் எழுதுங்கள். பானாக்குக்குத் தாழ்வாகத் தோன்றாத பணி நமக்குத் தாழ்வாகாது.

வணிகவியலுக்கு மாறிய அம்மாணவனைச் சென்ற திங்கள் கடைத்தெருவில் கண்டேன். ஒரு கடையில் கணக்கெழுதுகின்றான். ஞாயிறு வகுப்பைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தான். அடுத்த ஞாயிறு மாலை கடைசி விசிப்பலகையில் வந்து அமர்ந்திருந்தான். கணக்காசிரியர் பலகையில் ஏரியை வரைந்தார். கீற்றுகளை வரையச் சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டினார். அவன் எழுந்து சென்று வாங்கிக்கொண்டான்.



வாழ்க தமிழ்! வளர்க அறிவு!